விட்டதும் விடுபட்டதும்

அறவழியில் பொருள் ஈட்டுவதும், ஈட்டியதை நல்வழியில் செலவிடுவதும் இல்லறத்தாரின் கடமை என்று நம் அறநூல்கள் கூறுகின்றன. பொருளைத் துறப்பதன் பெருமையையும் அவை விரித்துரைக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. ஒருவர் உழைத்துச் சேர்த்த பொருள் அவராலோ அவருடைய குடும்பத்தாராலோ மறக்கப்பட்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் நிலை அது. அதை அனுபவிப்பவரும் இல்லை, துறந்தவரும் இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒருநாள், உங்களுக்குச் சேரவேண்டிய தொகை ஒன்று எங்களிடம் உள்ளது, உரிய சான்றுகளுடன் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அதற்கு எவ்வாறு மறுமொழி கூறுவது? பற்றற்று வாழ விரும்பும் ஒருவர் அந்தப் பொருளைக் கேட்டுப் பெறலாமா? இது வங்கி அலுவல் பற்றிய சிறு கேள்வியாகத் தோன்றினாலும், பற்று என்பது யாது, துறவு என்பது யாது என்ற பெரிய கேள்விகளை உள்ளடக்கியது.

இத்தகைய பொருளின் அளவு சிறிதன்று. நம் நாட்டில் ஒரு சேமிப்புக் கணக்கு பத்தாண்டுகள் இயக்கப்படாமல் இருந்தாலோ, ஒரு வைப்புத் தொகை முதிர்வடைந்து பத்தாண்டுகள் வரை பெறப்படாமல் இருந்தாலோ, வங்கி அத்தொகையை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். 2014-ஆம் ஆண்டு இந்த நிதி ஏற்படுத்தப்பட்டது. 2024 மார்ச் இறுதியில் அதில் இருந்த தொகை சுமார் 78,213 கோடி ரூபாய். கோரப்படாத காப்பீட்டுத் தொகைகள், பங்கு ஈவுகள் முதலியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 1.84 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 அக்டோபரில் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். 'உங்கள் பணம், உங்கள் உரிமை' என்ற பெயரில் நாடெங்கும் மூன்று மாத இயக்கம் ஒன்றும் அப்போது தொடங்கப்பட்டது.

இத்துணைப் பெருந்தொகை யாருடையது? அதில் பெரும்பகுதி, சிறுகச் சிறுகச் சேமித்த எளியோரின் பணமாகவும் இருக்கலாம். செல்வந்தருக்குக் கணக்கர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. அடிக்கடி வீடு மாறுபவர்க்கு அஞ்சல்கூட ஒழுங்காகச் சென்று சேர்வதில்லை.

ஈஜிபுராவில் ஒரு குடும்பம்

பெங்களூரில் கோரமங்கலாவை ஒட்டி அமைந்துள்ள ஈஜிபுரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் நகருக்கு வெளியே சிற்றூராக இருந்த அப்பகுதி, நகரம் வளர வளர அதனுள் அடங்கிவிட்டது. கன்னடம் பேசுவோருடன் தமிழ், தெலுங்கு, உருது பேசுவோரும் அங்கே அருகருகே வாழ்கின்றனர். பிழைப்பைத் தேடி வந்து, ஒற்றை அறை வீடுகளில் தொடங்கி, தெருத்தெருவாக வாடகை வீடு மாறியவர்கள் பலர். அங்கிருந்த நலிவுற்ற பிரிவினருக்கான குடியிருப்பிலிருந்து 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒரு குடும்பம் இடம் பெயரும்போது பாத்திரமும் பாயும் உடன் செல்கின்றன; முகவரி பின்தங்கிவிடுகிறது. பழைய முகவரிக்குச் சென்ற கடிதம் திரும்பி வருகிறது. அதன்பின் வங்கியின் ஏட்டில் அக்குடும்பம் இல்லாத குடும்பமாகிவிடுகிறது.

கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள, அங்கு வாழும் ஒரு முதிய தாயை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். கணவர் தொழிற்கூடம் ஒன்றில் உழைத்தவர், 2008-இல் காலமானவர். 2001-இல் அவர் அறுபதாயிரம் ரூபாயை ஐந்தாண்டு வைப்பாக ஒரு வங்கியில் இட்டிருந்தார். அது 2006-இல் முதிர்ந்தது. நோயும் வறுமையும் சூழ்ந்த நிலையில் எவரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து அது ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றது. இப்போது, உரியவர்களைத் தேடும் முயற்சியில் வங்கி அவர்கள் இருப்பிடத்தைக் கண்டறிந்து அறிவிப்பு அனுப்பியிருக்கிறது.

வீட்டில் மூன்று விதமான கருத்துகள் எழுகின்றன. "இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று யார் அலைவது? வேலைக்குப் போகாத நாளின் கூலியே அதைவிட அதிகமாகிவிடும்" என்கிறான் மூத்த மகன். "எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கும்?" என்று கணக்கிடத் தொடங்குகிறான் இளைய மகன். நாள்தோறும் பூஜையும் பாராயணமும் செய்து வரும் அந்தத் தாயோ, "இத்தனை வருஷம் அது இல்லாமலே பகவான் நம்மைக் காப்பாற்றினார். வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்கிறார்.

மூத்தவனிடம் பேசுவது சலிப்பு. இளையவனிடம் பேசுவது ஆசை. தாயிடம் பேசுவது துறவா? இதைத்தான் ஆராய வேண்டும்.

மறதி துறவாகாது

திருவள்ளுவர் இவற்றைத் தனித்தனியே வைத்துப் பேசியிருப்பது கருதத்தக்கது. பிறர் பொருளை விரும்பாதிருத்தலை 'வெஃகாமை' என்ற அதிகாரத்தில் இல்லறத்தார்க்கு உரைத்தார். உடைமையைக் கைவிடுதலைத் 'துறவு' என்ற அதிகாரத்தில் துறவறத்தார்க்கு உரைத்தார். கடமையை மறந்திருக்கும் சோர்வைக் கடிந்து, பொருட்பாலில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே அமைத்தார். பிறருடையதை விரும்பாமை ஒன்று. தன்னுடையதை விடுதல் வேறொன்று. தன் பொறுப்பில் உள்ளதை மறந்திருத்தல் முற்றிலும் வேறு. முதல் இரண்டும் அறம், மூன்றாவது குற்றம். மறதி எவ்வளவுதான் நீண்டாலும் துறவாகக் கனிவதில்லை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கை இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு கையில் நாணயத்தையும் மறு கையில் மண்ணையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றே என்று விவேகம் செய்து, இரண்டையும் கங்கையில் எறிந்தவர் அவர். லட்சுமி நாராயணர் என்னும் மார்வாரி அன்பர் பத்தாயிரம் ரூபாய் அளிக்க முன்வந்தபோது அதை ஏற்க மறுத்தவர். அத்தகைய மகான், தம் இளம் சீடரான யோகீன் (பின்னாளில் சுவாமி யோகானந்தர்) கடைக்காரரின் வார்த்தையை நம்பி, சோதித்துப் பாராமல் இரும்புச் சட்டி ஒன்றை வாங்கி வந்து, அதில் விரிசல் இருப்பதைக் கண்டபோது, அவரைக் கடிந்துகொண்டார். பக்தன் என்பதால் முட்டாளாக இருக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. நாலு கடைகளில் விலை கேட்டு, பொருளைச் சோதித்து வாங்க வேண்டும் என்றும், கொசுறு கொடுக்கும் வழக்கமுள்ள பொருளுக்கு அதையும் விடாமல் கேட்டுப் பெற வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

பத்தாயிரம் ரூபாயை மறுத்தவர் கொசுறைக் கேட்டு வாங்கச் சொன்னது முரண்பாடாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரே விழிப்பின் இரு பக்கங்கள் என்பது விளங்கும். பத்தாயிரம் ரூபாய் அவருக்கு உரியதன்று. ஏற்றால் மனம் அதில் கட்டுண்ணும். கொசுறு, கொடுத்த விலைக்கு உரியது. அதை விட்டுவருவது பெருந்தன்மை ஆகாது, கவனக்குறைவே ஆகும். உலகப் பொருளில் கவனமற்ற மனம் இறைவனிடத்தில் மட்டும் கவனத்துடன் நிலைபெறும் என்று எதிர்பார்க்க இயலாது. சட்டியின் விரிசலைக் காணாத கண் தன் உள்ளத்தின் விரிசலை எவ்வாறு காணும்?

அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் வாழ்வில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். மேற்கூறிய பத்தாயிரம் ரூபாயை அன்னையின் பெயரில் அளிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அவரும் மறுத்துவிட்டார். தாம் பெற்றால் அது குருதேவரின் தேவைகளுக்கே செலவாகும் ஆதலால், அவர் பெற்றதாகவே ஆகிவிடும் என்பது அவர் கண்ட நியாயம். 1886-இல் குருதேவர் மறைந்தபின், தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து அன்னைக்கு மாதம் ஏழு ரூபாய் கிடைத்து வந்தது. சிலருடைய தூண்டுதலால் அதுவும் நிறுத்தப்பட்டது. நிறுத்த வேண்டாம் என்று நரேந்திரர் கேட்டுக்கொண்டும் பயனில்லை. அன்னை அதற்காக வருந்தவில்லை, வாதாடவும் இல்லை. குருதேவரே மறைந்தபின் இந்தப் பணத்தால் என்ன என்றிருந்தார். அதன்பின் காமார்புகூரில், சோற்றுக்கு உப்பும் இல்லாத நாள்களை அவர் கழித்தார்.

அப்படியானால், உரியதைக் கேளாமல் விடுவதற்கு அன்னையே சான்றாகிவிடவில்லையா? ஈஜிபுராத் தாயின் சொல்லும் அதே வகையைச் சேர்ந்ததுதானே?

இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. அன்னை தாம் இழப்பது இன்னது என்று அறிந்தே விட்டார். அந்த இழப்பின் விளைவைத் தாமே சுமந்தார். உப்பில்லாத சோற்றை உண்டவர் அவரேயன்றி வேறெவரும் அல்லர். அறிந்து விடுதல், தன்னுடையதை மட்டும் விடுதல், விடுவதன் சுமையைத் தானே ஏற்றல் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் ஒரு செயல் துறவு என்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. ஈஜிபுராத் தாய் விட முன்வந்த தொகை எவ்வளவு என்றுகூட அவர் அறியார். அது முழுவதும் அவருடையதுதானா என்பதையும் அவர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

வைத்திருப்பவரின் அறம்

பெறுபவரின் கடமையைக் கூறுமுன், வைத்திருப்பவரின் கடமையையும் கூறுதல் நியாயம். உரியவர் வராத பொருள் வைத்திருப்பவருக்கே சொந்தமாகிவிடுமா?

சுருதி என்றும் மாறாதது, ஸ்மிருதிகள் காலத்துக்கேற்ப மாறுபவை என்று சுவாமி விவேகானந்தர் வலியுறுத்தினார். அந்த நோக்குடன் பழைய தர்ம சாஸ்திரங்களைப் பார்த்தால், காலத்துக்கு ஒவ்வாதவற்றிற்கு இடையே நிலைத்த நீதிகளும் கிடைக்கின்றன. மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம், உரியவர் தெரியாத பொருளை அரசன் மூன்றாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்துக்குள் உரியவர் வந்தால் அவரிடம் சேர்க்க வேண்டும். காப்பதற்கான கூலியாக ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று அல்லது பன்னிரண்டில் ஒன்று என அரசன் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுகள் கழிந்தபின்னரே அது அரசனைச் சேரும். சிறுவர்க்கு உரிய பொருளை அவர்கள் கல்வி முடித்து வரும்வரை அரசன் காக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

இதனினும் உயர்ந்த ஒரு நெறியைக் காளிதாசரின் சாகுந்தல நாடகம் காட்டுகிறது. ஆறாம் அங்கத்தில், கடல் வணிகன் ஒருவன் கப்பல் கவிழ்ந்து மாண்டதாகவும், அவனுக்கு மக்கள் இல்லாமையால் அவன் பெருஞ்செல்வம் அரசனைச் சேரும் என்றும் அமைச்சரிடமிருந்து ஓலை வருகிறது. சட்டப்படி துஷ்யந்தன் அதை எடுத்துக்கொள்ளலாம். அவனோ, அத்தனை செல்வம் உடையவனுக்கு மனைவியர் பலர் இருக்கக்கூடும், அவர்களுள் எவரேனும் கருவுற்றிருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறான். ஒருத்தி கருவுற்றிருப்பது தெரிய வருகிறது. தந்தையின் பொருள் இன்னும் பிறவாத அக்குழந்தைக்கே உரியது என்று ஆணையிடுகிறான். உரியவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது சட்டம். உரியவர் எங்கே இருக்கிறார் என்று தேடிச் செல்வது அறம். கேட்க வாயில்லாத கருவுக்காகவும் அரசனே கேட்டான் என்பதுதான் அந்தக் காட்சியின் மாண்பு.

இன்றைய ஏற்பாடுகளில் இந்த இரண்டின் சாயலையும் காணலாம். மனுவின் மூன்றாண்டுக் கெடு வங்கி வைப்புக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிட்ட பின்னரும், வைப்பாளரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் தம் வங்கியை அணுகிப் பெறலாம். காப்பீட்டுத் தொகைகள் பத்தாண்டுகளுக்குப் பின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குச் செல்கின்றன. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் வரை அவற்றைக் கோரலாம். ஏழாண்டுகள் பெறப்படாத பங்கு ஈவுகள் செல்லும் நிதியிலிருந்தும் உரியவர் மீட்டுக்கொள்ள வழியுண்டு. பல வங்கிகளில் உள்ள கோரப்படாத வைப்புகளை ஒரே இடத்தில் தேடிப்பார்க்க 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையத்தளத்தைத் திறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியும் தன்னிடமுள்ள கோரப்படாத வைப்புகளில் முதல் நூறுக்கு உரியவர்களை நூறு நாள்களில் தேடிக் கண்டறிய வேண்டும் என்ற இயக்கத்தையும் அது தொடங்கியது. தேடிச் செல்லுதல் என்னும் அறத்தின் நல்ல அடையாளங்கள் இவை.

ஆயினும் அந்த அறம் முழுமை பெறுவது வங்கியின் முகப்பு மேசையில்தான். படிக்க இயலாத ஒரு மூதாட்டி சான்றுகளுடன் வந்து நிற்கும்போது, "இந்தத் தாள் இல்லை, நாளை வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது எளிது. படிவத்தைத் தாமே நிரப்பி, தேவையானவை இவை என்று ஒரே முறையில் அவர் மொழியில் எடுத்துச் சொல்வது சிறிது கடினம். ஈஜிபுராவின் மூத்த மகன் சலிப்புறுவதற்கும் காரணம் உண்டு; ஒரு நாள் கூலி அவன் வீட்டு அடுப்பெரியும் செலவு. அலுவலராக அமர்ந்திருப்பவர் சிவ உணர்வுடன் சீவனுக்குச் சேவை செய்ய விரும்பினால், அதற்கு வாய்ப்பு அவர் மேசைக்கே வருகிறது.

கேட்பவரின் அறம்

இனி, கேட்பவரின் கடமை. மனு ஸ்மிருதியின் அதே பகுதி, "இது என்னுடையது" என்று வருபவரை முறைப்படி விசாரிக்க வேண்டும் என்கிறது. பொருளின் உருவம், எண்ணிக்கை முதலியவற்றைச் சரியாகக் கூறுபவரே உரியவர். இழந்த இடம், காலம், நிறம், வடிவம், அளவு ஆகியவற்றை மெய்யாகக் கூற இயலாதவர், அப்பொருளின் மதிப்புக்கு ஈடான தண்டத்தைச் செலுத்த வேண்டும். பிறர் பொருளைத் தனது என்று கூறுவது, கையில் எதுவும் கிட்டாத நிலையிலும் திருட்டுக்கு ஒப்பானதாகக் கருதப்பட்டது.

இன்று இந்தச் சோதனை வேறு வடிவங்களில் வருகிறது. பட்டியலில் தம் தந்தையின் பெயரையொத்த பெயர் ஒன்று காணப்படும், ஊரும் ஒத்திருக்கும். "முயன்றுதான் பார்ப்போமே" என்ற எண்ணம் தலைகாட்டும். அதுவே வெஃகுதலின் முதற்படி. மறுபுறம், மோசக்காரர்களும் இதே அறிவிப்பின் வேடத்தில் வருகின்றனர். உங்களுக்குப் பெருந்தொகை காத்திருக்கிறது, அதை விடுவிக்க முதலில் சிறு கட்டணம் அனுப்புங்கள் என்றோ, தொலைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்றோ கேட்பவர்கள் அவர்கள். உழைத்துச் சேர்த்தது எது, சேர்க்காதது எது என்ற நினைவு தெளிவாக உள்ளவரை இவர்களால் எளிதில் ஏமாற்ற முடியாது. அறிவிப்பு வந்தால், அதில் கண்ட எண்ணை அழைக்காமல், தமக்குத் தெரிந்த வங்கிக் கிளைக்கு நேரே சென்று விசாரிப்பதே முறை. யோகீனுக்குக் குருதேவர் சொன்ன பாடம் இங்கும் அப்படியே பொருந்தும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இறந்தவர் தம் வைப்புக்கு ஒருவரை நியமனதாரராகக் குறித்திருந்தால், வங்கி அவரிடம் பணத்தைக் கொடுக்கும். அதனால் அப்பணம் அவருக்கே சொந்தமாகிவிடுவதில்லை. வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்பவரே அவர் என்று வங்கி வைப்பு குறித்து 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் பணம் வருவது ஒன்று. அது தன்னுடையதாவது வேறொன்று. எஜமானரின் வீட்டை "நம் வீடு" என்று சொல்லிக்கொண்டே, அது தன்னுடையதன்று என்பதை உள்ளூர அறிந்திருக்கும் பணிப்பெண்ணைப் போல வாழும்படி குருதேவர் இல்லறத்தாருக்குக் கூறினார். நியமனதாரர் என்ற சொல்லில் அந்த உபதேசத்தின் சட்ட வடிவத்தையே காணலாம்.

படிவம் கேளாத கேள்வி

ஈஜிபுரா இல்லத்திற்கு மீண்டும் வருவோம். வங்கியின் அறிவிப்பைப் படித்துக்காட்டியபோது, 2001 என்ற ஆண்டைக் கேட்டதும் தாய்க்கு ஒரு நினைவு எழுகிறது. அந்த அறுபதாயிரமும் கணவருடையதன்று. அதில் இருபத்தைந்தாயிரம் கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்த கொழுந்தனுடைய பணம். தம்பிக்கு அப்போது வங்கிக் கணக்கு இல்லை. அண்ணன் பெயரில் சேர்த்துப் போட்டார்கள். எழுத்து இல்லை, சாட்சியும் இல்லை. பின்னர் வேறு காரணத்தால் இரு குடும்பங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன. கொழுந்தனும் இப்போது இல்லை. அவர் மனைவி ஊரில் தனியே இருக்கிறார். அந்தப் பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ.

வங்கியின் படிவத்தில் இதைக் கேட்கும் பத்தி எதுவும் இல்லை. சட்டம் அறிந்த வாரிசுகள் இவரும் இவர் மக்களும் மட்டுமே. முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டால் யாரும் குறை கூறப்போவதில்லை.

தாய் முதலில் சொன்ன "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்ற சொல் இப்போது எப்படிக் காட்சியளிக்கிறது? அவர் விட்டுவிட்டால், பன்னிரண்டில் ஐந்து பங்கு மற்றொரு கைம்பெண்ணுக்கும் கிடைக்காமல் போகும். தம் பங்கைத் துறக்க அவருக்கு உரிமை உண்டு. பிறர் பங்கைத் துறக்க உரிமை இல்லை. பிறருடைய பொருளை எடுத்துக்கொள்வது களவு. பிறருக்கு உரியதைத் தம் வைராக்கியத்தின் பெயரால் இழக்கச் செய்வதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. இந்த அலைச்சலைத் தவிர்க்கும் விருப்பமும், பேச்சற்றுப் போன வீட்டின் கதவை மறுபடி தட்ட நேருமே என்ற தயக்கமும் துறவின் காவியைப் போர்த்துக்கொண்டு வந்தனவோ என்பதை அவரே தம் உள்ளத்தில் நோக்க வேண்டும். துறவு என்று தோன்றுவதில் எவ்வளவு சோம்பல், எவ்வளவு அச்சம், எவ்வளவு பழம்பகை கலந்திருக்கிறது என்று பிரித்துக் காண்பதே விவேகம்.

ஆக, அவர் செய்யத்தக்கது யாது? இறப்புச் சான்றையும் பழைய ரசீதையும் தேடி எடுத்துக்கொண்டு வங்கிக்குச் செல்ல வேண்டும். கூலியை இழந்து உடன் வரும் மூத்த மகனுக்கு அந்த நாளின் செலவைத் தொகையிலிருந்து ஈடு செய்யலாம். காப்பவனுக்குக் கூலி உண்டு என்பதைத் தர்ம சாஸ்திரமும் ஏற்கிறது. பணம் வந்ததும், வட்டி உட்பட மொத்தத்தையும் பன்னிரண்டாக்கி, ஐந்து பங்கைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எழுத்தில்லாத கடனைத் தீர்க்கும்போதுதான் மனிதன் தன் மனசாட்சியின் ஏட்டில் கையொப்பமிடுகிறான். அங்கே அந்தப் பெண்மணி வரவேற்கலாம், பழைய கோபத்தில், "இத்தனை வருஷம் கழித்துத்தான் நினைவு வந்ததா, அக்கா?" என்றும் கேட்கலாம். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொள்வதும் அந்தக் கடனின் ஒரு பகுதியே.

எஞ்சிய ஏழு பங்கு குடும்பத்துடையது. மக்கள் தம் தேவைக்கு அவரவர் பங்கைப் பெறட்டும். தம் பங்கை வேண்டாம் என்று கருதினால், தாய் இப்போது விடலாம். எவ்வளவு என்று அறிந்து, தம்முடையது என்று தெளிந்து விடலாம். உரிய இடமும் காலமும் ஆளும் பார்த்துக் கொடுப்பதே சாத்துவிகமான தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. கைக்கு வராத பொருளைத் தானம் செய்ய இயலாது. துறப்பதற்கும் முதலில் உரியவராக வேண்டும்.

அன்றாட சாதனை

இந்தச் சிந்தனை, அறிவிப்பு வந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. தம் வைப்புகள், காப்பீடுகள், கொடுக்கல் வாங்கல்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்கேனும் தெரிவித்து வைப்பது ஒவ்வொரு இல்லறத்தாரின் கடமை. முகவரி மாறினால் வங்கிக்குத் தெரிவிப்பதும், நியமனதாரர் பெயரைப் பதிவு செய்வதும் அவ்வாறே. மரணத்தை நாள்தோறும் நினைக்க வேண்டும் என்று ஆன்றோர் கூறுவர். அந்த நினைவு உண்மையானால், பின்னால் இருப்பவர்கள் இருளில் தேட வேண்டாதபடி ஏடுகளை ஒழுங்காக வைப்பதும் அதன் விளைவாக இருக்க வேண்டும். தமக்கு வரவேண்டியவற்றை எழுதும் அந்தக் குறிப்பேட்டில், தாம் கொடுக்க வேண்டியவற்றிற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது நல்லது. பெரும்பாலோர் ஏடுகளில் முதற்பக்கம் நிறைந்திருக்கும்; மறுபக்கத்தை எழுதும்போதுதான் கை தயங்கும். அந்தத் தயக்கமே சாதகன் கவனிக்க வேண்டிய இடம்.

வங்கியின் அறிவிப்பு ஒன்றைத்தான் சொல்கிறது: உனக்குச் சேரவேண்டியது இங்கே உள்ளது. அதைக் கையில் ஏந்தி அமைதியாகச் சற்று நேரம் அமர்பவருக்கு, உன்னிடமிருந்து சேரவேண்டியது யாருக்கு என்று அதுவே திருப்பிக் கேட்பதும் கேட்கும். இவ்விரண்டுக்கும் மெய்யாக மறுமொழி கூறுபவர், பணத்தைப் பெற்றாலும் பற்றில் சிக்குவதில்லை. விட்டாலும் யாரையும் வஞ்சிப்பதில்லை. இரண்டையும் இறைவன் சாட்சியாகச் செய்து முடித்தபின், மனத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கு எதுவும் மிஞ்சாது. அந்த நிறைவை வேண்டி நிற்போமாக.